தைராய்டு மாத்திரையின் பெயர் மாறியபின் தோல் அரித்தால் எதற்கு மாறுவது?

பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் சேன் ஆந்த்ரேயில் நான் வழக்கமாக மருந்து வாங்கும் மருந்தகத்தில், தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் தைராய்டு மாத்திரை கையிருப்பில் இல்லாமல் போயிற்று. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, அதே லெவோதைராக்சினை அதே 75 மைக்ரோகிராம் அளவில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் கொடுத்தார்கள். ஆறாம் நாள் முன்கைகளிலும் இடுப்பைச் சுற்றியும் அரிப்பு தொடங்கியது. எட்டாம் நாள், விரலால் தடவினால் தட்டுப்படும்படி சிறு சிறு தடிப்புகள் எழுந்தன. அப்போது நான் செய்ததை எண்ணி இன்றும் வருந்துகிறேன். மாத்திரையை நிறுத்தினேன், விரதத்துக்காகப் புதிதாக வாங்கிய குங்குமத்தை நிறுத்தினேன், குளியல் சோப்பையும் மாற்றினேன், எல்லாவற்றையும் ஒரே நாளில். மூன்று வாரத்தில் அரிப்பு அடங்கியது. ஆனால் அது எதனால் வந்தது, எதனால் போயிற்று என்று சொல்ல என்னிடம் ஒரு சான்றும் இல்லை. மருந்தில்லாத அந்த மூன்று வாரத்தின் பயனாக உடல் கனத்து, குரல் தடித்து, பகலிலேயே தூக்கம் சொக்கியது மட்டும் மிஞ்சியது.

இந்தத் தீவில் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாள் பிரெஞ்சில்தான் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் மூத்த பெண்கள் பலருக்கு அதைப் படிக்க முடியாது. அரிப்பு வந்ததும் அவர்கள் செய்வது பெரும்பாலும் நான் செய்ததுதான். ஆகவே, மாத்திரை மாறியபின் தோலில் ஏதேனும் தோன்றினால் முன்னிருக்கும் வழிகள் எவை, அவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஒப்பிட்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். பல ஆண்டுகளாக இந்த மருந்தை உட்கொள்பவள். இங்கே எழுதியிருப்பவை மருத்துவரோடு பேசும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை, அவருக்குப் பதிலாக அல்ல.

வழிகளை ஒப்பிடுமுன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: அரிப்புக்குக் காரணம் மாத்திரையில் சேர்த்த பொருளா, மருந்தின் அளவில் நேர்ந்த மாற்றமா, இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றா? லெவோதைராக்சின் நம் தைராய்டுச் சுரப்பியே சுரக்கும் ஹார்மோனின் அதே மூலக்கூறு; அதற்கே ஒவ்வாமை ஏற்படுவது மிக மிக அரிது. எனவே மருந்துக்கு ஒவ்வாமை என்று நாம் சொல்வது பெரும்பாலும் மாத்திரையை உருட்டித் திரட்ட உதவும் துணைப்பொருளுக்கான ஒவ்வாமையே. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதும் அந்தத் துணைப்பொருள்தான்.

நாட்கணக்கு இங்கே பெரிதும் உதவுகிறது. மாத்திரையை விழுங்கிய சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் காணாக்கடி போன்ற தடிப்பு எழுந்து, இடம் மாறி மாறித் தோன்றி, ஒரு நாளுக்குள் மறைந்தால் அது உடனடி ஒவ்வாமையின் சாயல். மாத்திரை தொடங்கி நான்கு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் உடம்பெங்கும் சிறு தடிப்பாகப் பரவினால் அது தாமதமாக வரும் வகை. ஆனால் லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். ஆகையால் புது மாத்திரை கூடுதலாகவோ குறைவாகவோ உடலில் சேர்வதன் விளைவு பல வாரங்கள் கழித்தே தெரியும். அளவு குறைந்தால் தோல் வறண்டு, சொரசொரத்து, குளிர்ந்து, அந்த வறட்சியால் அரிக்கும்; முடியும் கொட்டும். அளவு மிகுந்தால் தோல் சூடாகி வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு அரிப்பும் வரும். முதல் வாரத்திலேயே வந்த தடிப்பை அளவுக் கோளாறு என்று சொல்வதும், இரண்டு மாதம் கழித்து வந்த வறட்டு அரிப்பைத் துணைப்பொருளின் தலையில் கட்டுவதும் ஒருபோலப் பொருத்தமற்றவை.

மூன்றாவது காரணம் நம் வீடுகளில் எளிதில் மறக்கப்படுகிறது. ஹாஷிமோட்டோ எனப்படும் தைராய்டு நோய், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதால் வருவது. அந்த நோயுள்ளோரிடம் நாட்பட்ட காணாக்கடியும் வெண்புள்ளியும் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன. அவை எந்த மாத்திரையை உட்கொண்டாலும் வரக்கூடியவை. அதோடு நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தக் கடற்கரை ஊர்களில் வேர்க்குரு இல்லாத உடல் இல்லை. காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து தடிப்பு வந்தால் இங்கே முதலில் எண்ண வேண்டியது டெங்குவையும் சிக்குன்குன்யாவையும்தான். 2005-06இல் தீவின் மூன்றில் ஒரு பங்கு மக்களைப் படுக்க வைத்த சிக்குன்குன்யா 2025இல் மீண்டும் பெரிதாகப் பரவியது. கோயில் காலத்தில் புதிய குங்குமம், சாயம் கலந்த சந்தனம், முடிச்சாயம் ஆகியவையும் தோலைச் சிவக்க வைக்கும். ஆனால் அவை பட்ட இடத்தில்தான் தொடங்கும், முன்கையிலும் இடுப்பிலும் தொடங்குவது குறைவு.

சிவத்தல் என்ற சொல்லையே நம் தோலுக்கு அப்படியே பொருத்த முடியாது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும். பல நேரம் கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தெரியும். மருத்துவரைக் காணும் நாளில் அது மறைந்தும் இருக்கும். ஆகவே பகல் வெளிச்சத்தில், நாள் தவறாமல், ஒரே இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். அரிப்பு போனபின் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பைப் புதிய தடிப்பு என்று எண்ணி மறுபடி மாத்திரையை மாற்றியவர்களையும் நான் அறிவேன்.

இனி பெட்டியைத் திறப்போம். விளக்கத்தாளின் ஆறாம் பகுதியில் மாத்திரையில் உள்ளவை எல்லாம் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அதில் 'எக்சிபியான்' என்ற சொல்லைத் தேடுங்கள். துணைப்பொருட்கள் என்பது அதன் பொருள். 'மானிதோல்', 'லாக்தோஸ்', 'அசித் சித்ரிக்', 'அமிதோன் த மயிஸ்', 'ழெலாத்தீன்' என்று உச்சரிக்கப்படும் சொற்கள் முறையே மானிட்டால், பால்சர்க்கரை, சிட்ரிக் அமிலம், சோள மாவு, ஜெலட்டின் ஆகியவற்றைக் குறிக்கும். பழைய பெட்டியின் தாளையும் புதிய பெட்டியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ளவற்றை அடித்துவிட்டால், மிஞ்சுபவை இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஐயப்பட வேண்டியவை அவையே.

மிஞ்சியவற்றை அடுக்களையில் வைத்து ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். நாள்தோறும் எலுமிச்சை ஊறுகாய் உண்பவருக்கு ஒரு மாத்திரையிலுள்ள சிட்ரிக் அமிலம் தோலைத் தடிக்க வைக்கும் என்று நம்புவது கடினம். மானிட்டால் காளானிலும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலும் உண்டு; அதற்கு ஒவ்வாமை இருப்பதாகப் பதிவானவர்கள் உண்டு என்றாலும் மிகச் சிலரே. பால்சர்க்கரை செரிக்காதவர்களுக்கு வயிறு ஊதும், கழிச்சல் வரும்; தோல் தடிப்பது அதன் இயல்பன்று. 2017க்கு முன் பிரான்சில் விற்ற பழைய முறை மாத்திரையில் இருந்த பால்சர்க்கரை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஒரு குவளைப் பாலிலோ 10 கிராமுக்கு மேல் இருக்கிறது. இந்த எண்ணிப்பார்த்தல் சான்றாகாது. ஒவ்வாமை மருத்துவர் தோலில் குத்தியோ ஒட்டியோ செய்யும் சோதனைக்கும், மேற்பார்வையில் மீண்டும் கொடுத்துப் பார்ப்பதற்கும் இது ஈடாகாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல இது உதவும். சோதனைக்குச் சில நாள் முன்னதாகவே, அரிப்பை அடக்கத் தரும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், நாள் குறிக்கும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரான்சில், ஆகவே இத்தீவிலும், இத்தனை பெயர்கள் கிடைப்பதற்கு 2017ஆம் ஆண்டு காரணம். அதுவரை நாட்டில் ஏறத்தாழ எல்லாரும் மெர்க் நிறுவனத்தின் லெவோதைராக்ஸ் ஒன்றையே உட்கொண்டு வந்தார்கள். மருந்தின் அளவு பெட்டியின் ஆயுள் முழுதும் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்று மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2012இல் கேட்டதன்பேரில், 2017 மார்ச் இறுதியில் பால்சர்க்கரையை நீக்கி மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்த புதிய முறை வந்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதிக்குள் 17,310 பேரின் பக்கவிளைவுகள் பதிவாயின. மருந்து உட்கொண்டவர்களில் அது நூற்றுக்கு 0.75 பங்கு. களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல், மூட்டு தசை வலி, முடியுதிர்தல் என்பவையே அவற்றில் மிகுந்திருந்தன; தோல் அரிப்பு முன்வரிசையில் இல்லை. பின்னர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது கடுமையான நோய்களோ இறப்போ கூடவில்லை என்றும், மருத்துவரைக் காணச் சென்ற முறைகள் கூடின என்றும் தெரிந்தது. 2020 ஜூனில் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 3,300க்கும் மேற்பட்டோருக்குத் தலா 1,000 யூரோ வழங்கச் சொன்னது. மாற்றத்தைப் போதிய அளவு அறிவிக்கவில்லை என்பதே அதற்கு அடிப்படை. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அறிவிப்பு என்பது நோயாளியின் உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். நம் பெரியவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு வரி எழுதித் தருவதும் அந்த உரிமையில் அடங்கும் என்றே கருதுகிறேன்.

இப்போது வழிகள். அரிப்பு இலேசாக, முகமோ உதடோ வீங்காமல் இருந்தால், மாத்திரையை மாற்றாமல் மருத்துவர் தரும் அரிப்பு மாத்திரையோடு இரண்டொரு வாரம் பொறுத்துப் பார்ப்பது ஒன்று. வேர்க்குருவோ நாட்பட்ட காணாக்கடியோ என்று ஐயம் இருந்தால் இதுவே நல்லது. தைராய்டு அளவு ஆடாது. ஆனால் அரிப்பு மாத்திரை உண்மையான ஒவ்வாமையையும் மறைத்துவிடும் என்பதால், மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

முன்பு ஒத்துக்கொண்ட அதே பெயருக்குத் திரும்புவது அடுத்தது. கையிருப்பு மீண்டதும் கிடைக்கும் என்றால் இதைவிட எளியது இல்லை. எனக்கு ஓரளவு தெளிவு கிடைத்ததும் இதனால்தான்: பழைய மாத்திரைக்குத் திரும்பியபின், அதே குங்குமத்தை மறுபடி இட்டும் அரிப்பு வரவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் விடை கிடைக்கிறது. மூன்றை மாற்றிய அந்த நாளில் நான் அதை அறிந்திருக்கவில்லை.

பழையது கிடைக்காதபோது, வேறு துணைப்பொருட்களால் ஆன இன்னொரு மாத்திரைக்குச் செல்லலாம். 2017 அக்டோபரில் வந்த எல்-தைராக்சின் ஹென்னிங்கில் பால்சர்க்கரையும் இல்லை, மானிட்டாலும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. சோள மாவு, செல்லுலோஸ், ஹைட்ரஜன் ஏற்றிய ஆமணக்கெண்ணெய் முதலியவை உண்டு. மானிட்டால் மேல் ஐயமுள்ளவர்களுக்கும், சைவ உணவை உறுதியாகக் கொண்டவர்களுக்கும் இதையே முதலில் மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன். மாத்திரை என்பதால் பெட்டியில் வைக்கலாம், பயணத்தில் கொண்டு போகலாம், அளவு தவறாது. சோளத்துக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டும் இது உதவாது.

சொட்டு மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாத்திரைப் பொடிகள் எதுவும் இல்லை என்ற எண்ணத்தில் பலர் அதை நாடுகிறார்கள். எல்-தைராக்சின் செர்ப் என்ற அந்த மருந்தில் ஒரு சொட்டு 5 மைக்ரோகிராம். எனக்கானால் காலையில் 15 சொட்டு. அளவைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்க இதற்கு நிகரில்லை. ஆனால் அதிலும் துணைப்பொருட்கள் உண்டு: கரைப்பதற்கான சாராயமும் ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்பட்ட ஒரு பொருளும். சாராயத்தின் அளவு மிகச் சிறிது என்றாலும், காவடிக்கும் தீமிதிக்கும் முன் கடும் விரதம் இருப்பவர்கள் அதை முன்னரே அறிந்திருப்பது முறை. குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதாலும், மங்கிய கண்ணுடையவர் கை நடுங்கச் சொட்டு எண்ணினால் தவறு நேரும் என்பதாலும், தனியே வாழும் முதியவருக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். 2017இல் தட்டுப்பாடு வந்தபோது எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் விழுங்க முடியாதவர்களுக்கும் இதை ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத்தான் இது இன்றியமையாதது.

மென்மையான உறையுள்ள டி-கேப்ஸ் என்னும் உறைமாத்திரையில் மருந்தோடு இருப்பவை ஜெலட்டின், கிளிசரால், நீர் ஆகிய மூன்றே. துணைப்பொருள் பட்டியலிலேயே மிகக் குறுகியது இது என்பதால், எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு மாத்திரைகளுக்கு ஒவ்வாமை கண்டவர்களுக்கு நல்ல வழி. இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்தை நாளும் உட்கொள்பவர்களுக்கும் இது நன்றாக உடலில் சேரும். அதனாலேயே அளவைக் குறைக்க நேரலாம். ஜெலட்டின் விலங்கிலிருந்து பெறப்படுவது. மாட்டிறைச்சி தொடாத வீடுகளில் இதைக் கேட்டதும் மறுத்துவிடுகிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன், ஆயினும் லெவோதைராக்ஸ் மாத்திரையிலும் ஜெலட்டின் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. செலவை நலக்காப்பீடு ஏற்குமா என்பதை மருந்துச்சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய முறை மாத்திரை யூதைராக்ஸ் என்ற பெயரில் 2017 அக்டோபர் முதல் தற்காலிக இறக்குமதியாக வந்தது. வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாமல் அதிலேயே இருந்தவர்களுக்காக அதன் காலம் நீட்டிக்கப்பட்டு வந்தது. முடிவு குறிக்கப்பட்ட ஒன்றை வாழ்நாள் மருந்தாக நம்பியிருப்பது புதிதாக மாறுபவருக்கு ஏற்றதன்று.

இறுதியாக, ஊருக்குப் போய்வரும்போது வாங்கி வரும் மாத்திரை. புதுச்சேரியிலோ சென்னையிலோ நூறு மாத்திரை கொண்ட ஒரு புட்டி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அவை தரமற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புட்டிகளின் மேல் துணைப்பொருட்கள் தேவையான அளவு என்று மட்டுமே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், என்னென்ன என்று இராது. தோல் தடித்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியலே இல்லாத நிலை அது. அதோடு புட்டி தீர்ந்ததும் இங்குள்ள மாத்திரைக்குத் திரும்ப வேண்டும். ஓராண்டில் இரண்டு முறை பெயர் மாறும். தோல் ஒருமுறை ஒவ்வாமை காட்டியவர் இதைத் தவிர்ப்பதே நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மாறும் நாளைக் குறித்து வைத்து, 6 முதல் 8 வாரத்துக்குள் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கருவுற்றவர்கள் நான்கு வாரத்திலேயே செய்ய வேண்டும். அவர்களும், இதய நோயாளிகளும், தைராய்டுப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும் ஒரு நாளும் தாமாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. வெறும் வயிற்றில், காலை உணவுக்கும் காப்பிக்கும் அரை மணி நேரம் முன், இரும்பு, கால்சியம் மாத்திரைகளிலிருந்து சில மணி நேரம் விலக்கி உட்கொள்ளும் வழக்கத்தையும் அந்த வாரங்களில் மாற்றாதீர்கள். மாற்றினால் பரிசோதனை எண் எதைச் சொல்கிறது என்பது விளங்காது. கடற்கரை வீடுகளில் கோடையில் அறையே 30 பாகையைத் தாண்டும். மாத்திரைப் பெட்டியைச் சமையலறை அலமாரியிலோ காரிலோ வைக்காமல், 25 பாகைக்கு மேற்படாத இடத்தில், அதன் அட்டைக்குள்ளேயே வைக்க வேண்டும்.

உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தோல் கொப்புளித்து உரிந்தாலோ, வாயில் புண்கள் எழுந்தாலோ எந்த ஒப்பீட்டுக்கும் காத்திராமல் அவசர மருத்துவ எண்ணான 15ஐ அழையுங்கள். தைராய்டு மிகுதிக்காகக் கார்பிமசோல் உட்கொள்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அங்கே தடிப்பு பெரும்பாலும் அந்த மருந்தாலேயே வருவது, காய்ச்சலோ தொண்டைவலியோ சேர்ந்தால் அன்றே இரத்தம் பார்க்க வேண்டியது.

பக்கவிளைவை மருத்துவர் மட்டுமே அறிவிக்க வேண்டும் என்பதில்லை. 2011 முதல் பிரான்சில் நோயாளியே நேரடியாக அறிவிக்கலாம். பெட்டியின் மேலுள்ள தொகுதி எண்ணும் தொடங்கிய நாளும் அரிப்பு கண்ட நாளும் கையில் இருந்தால் போதும். பிரெஞ்சு எழுத முடியாத அம்மாவுக்காகப் பிள்ளைகள் அதைச் செய்து கொடுக்கலாம்.

இப்போது என் மருந்துச்சீட்டில் மருந்தின் பொதுப்பெயரோடு நிறுவனப் பெயரையும் மருத்துவர் எழுதித் தருகிறார். ஒரு பெட்டி தீருவதற்குப் பத்து நாள் முன்பே அடுத்ததைச் சொல்லி வைக்கிறேன். அது கிடைக்காவிட்டால் எந்தப் பெயருக்கு மாறுவது என்பதையும் முன்கூட்டியே பேசி, ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் பெயரோடும் அதன் விளக்கத்தாளின் ஆறாம் பகுதியோடும் ஒரு தாளில் ஒட்டி, நலக்காப்பீட்டு அட்டையின் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.